திட்டக்குடிப் படைப்புழுவின் பூர்வீகம்

கடலூர் மாவட்டத்துத் திட்டக்குடி வட்டாரத்தில் மக்காச்சோளம் பெரும்பாலும் மானாவாரி வெள்ளாமை. புரட்டாசி, ஐப்பசியில் மழையைப் பார்த்து விதைப்பார்கள். தை, மாசியில் கதிர் ஒடித்து, களத்தில் காயவைத்து, கோழித்தீவனத்துக்கென்று நாமக்கல் பக்கம் லாரி ஏற்றிவிட்டால் அந்த ஆண்டுப் பாடு முடிந்தது. மங்களூர், நல்லூர் ஒன்றியங்களின் கரிசல் காடுகளிலும், வெள்ளாற்றுக்குத் தென்கரையில் அரியலூர், பெரம்பலூர் பக்கமும் இதே கணக்குதான். பருத்தி போட்டுவந்த பலர் மக்காச்சோளத்துக்கு மாறியதற்குக் காரணம், ஆள்கூலி குறைவு, மருந்துச் செலவு அதைவிடக் குறைவு என்பதே. 2018 ஐப்பசியில் அந்தக் கணக்கு தலைகீழானது.

முழங்கால் உயரப் பயிரின் குருத்தில் புழு விழுந்தது. முதலில் இலையில் வெள்ளைத் திட்டுகள். பத்து நாள் கழித்துக் குருத்து விரியும்போது இலைக்குக் குறுக்கே வரிசையாக ஓட்டைகள். குருத்தைப் பிளந்து பார்த்தால் ஈரமான எச்சம் அடைத்துக் கிடக்க, அடியில் ஒரே ஒரு புழு. அதன் நெற்றியில் ஆங்கில ‘ஒய்’ எழுத்தைத் தலைகீழாக எழுதியது போல வெளிறிய கோடு. வால் பக்கத்தில் சதுரம் கட்டியது மாதிரி நான்கு கரும்புள்ளிகள். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் வேறு அடையாளம் தேவையில்லை, அது படைப்புழுதான். ஒரு குருத்தில் ஒன்று மட்டும் இருப்பதற்கும் காரணம் உண்டு. வளர்ந்த புழு, பக்கத்தில் அகப்படும் சின்னப் புழுவைத் தின்றுவிடும். ஆராய்ச்சிக்குப் புழு பொறுக்கப் போகிறவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குப்பியில் ஓர் இலைத்துண்டோடு போட்டு மூடுவதும் அதனால்தான்.

அந்தப் பருவத்தில் பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல் என்று மக்காச்சோளம் விளையும் மாவட்டங்களெல்லாம் அடிவாங்கின. கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியும் தப்பவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தமிழக அரசு சுமார் 186 கோடி ரூபாய் நிவாரணம் ஒதுக்க வேண்டியிருந்தது. வயலில் நின்றவர்களுக்கு அன்று இருந்த கேள்வி ஒன்றுதான்: என்ன மருந்து அடிப்பது? ஆய்வகங்களில் இருந்தவர்களுக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. இது எந்த ஊர்ப் புழு, யாருடைய வாரிசு? முதல் கேள்விக்கான பதில் இரண்டாவதில் பாதி ஒளிந்திருக்கிறது என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

ஸ்போடாப்டெரா ஃப்ருஜிபெர்டா என்ற இந்தப் பூச்சிக்குச் சொந்த மண் அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதி. அங்கே அது நூற்றாண்டுகளாகத் தெரிந்த எதிரி. 2016 தொடக்கத்தில் நைஜீரியா, பெனின், டோகோ, சாவோ டோமே ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் முதன்முதலாகத் தலைகாட்டியது. இரண்டே ஆண்டில் சகாராவுக்குத் தெற்கே ஏறத்தாழ எல்லா நாடுகளுக்கும் பரவிவிட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில், அங்குள்ள வேளாண் தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர்கள் இந்தியாவில் முதன்முதலாக அதைக் கண்டார்கள். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையமும் உறுதி செய்து எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டு தமிழ்நாடு, இலங்கை. ஆண்டு முடிவதற்குள் சீனாவின் யுன்னான். 2020 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் வடமுனை. ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் பறக்கக்கூடிய அந்துப்பூச்சிக்கு எல்லைச் சாவடி ஒரு பொருட்டல்ல. ஒரு பெண் பூச்சி தன் ஆயுளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடும், அதையும் நூறு, இருநூறாகக் குவித்து மேலே செதில் மூடி வைக்கும்.

இனி மரபணு விஷயம்.

1986-இல் டாரத்தி பாஷ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார். வெவ்வேறு பயிர்களிலிருந்து எடுத்த படைப்புழுக்கள் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. உடலில் உள்ள நொதிகளைப் பிரித்துப் பார்த்தால் அவை இரண்டு கூட்டமாகப் பிரிந்தன. மக்காச்சோளம், சோளம், பருத்தி ஆகியவற்றில் பெரிதும் கிடைத்தது ஒரு கூட்டம். நெல்லிலும், நம் வரப்புகளில் தானாக முளைக்கும் அருகம்புல்லிலும் கிடைத்தது இன்னொரு கூட்டம். முன்னதற்கு மக்காச்சோள வகை, பின்னதற்கு நெல் வகை என்று பெயர் நிலைத்துவிட்டது. பூச்சியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எது எந்த வகை என்று சொல்ல முடியாது. இரவில் இணைசேரும் நேரம்கூட இரண்டுக்கும் மாறுபடுகிறது. மக்காச்சோள வகை முன்னிரவில், நெல் வகை பின்னிரவில். பெண் பூச்சி ஆணை அழைக்கச் சுரக்கும் வாசனையின் கலவை விகிதமும் வகைக்கு வகை, ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். இனக்கவர்ச்சிப் பொறியில் வைக்கும் குப்பி எல்லா இடத்திலும் ஒரே அளவுக்குப் பூச்சியை இழுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

வகையைக் கண்டுபிடிக்க இன்று புழுவோ, பூச்சியின் ஒரு காலோ போதும். எத்தனாலில் ஊறப்போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அதிலிருந்து மரபணுச் சரடைப் பிரித்து, இரண்டு இடங்களைப் படித்துப் பார்ப்பார்கள். ஒன்று, மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் சிஓஐ என்ற மரபணு. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். ஆகவே இது தாய்வழிச் சான்று. மற்றொன்று, இசட் என்ற பாலினக் குரோமோசோமில் இருக்கும் டிபிஐ மரபணு. அந்துப்பூச்சிகளில் ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒன்றுதான். பெண் தன் ஒற்றை இசட்டைத் தகப்பனிடமிருந்து பெறுகிறது. சொந்த மண்ணான அமெரிக்காவில் இந்த இரண்டு சான்றுகளும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

இந்தியாவில் ஒத்துப்போகவில்லை. 2018-இல் பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் தாய்வழி மரபணுவைப் படித்தபோது, மக்காச்சோளக் காட்டில் பொறுக்கிய புழுக்களில் ‘நெல் வகை’ மேலோங்கியிருந்தது. நாட்டின் உணவே நெல் என்ற நிலையில் இந்த முடிவு எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. திட்டக்குடியிலிருந்து வெள்ளாற்றோடு கிழக்கே போனால் சேத்தியாத்தோப்பு, அதைத் தாண்டினால் வீராணத்துப் பாசனம், சிதம்பரம் வரை நெல்வயல். மேற்கே மானாவாரி மக்காச்சோளத்தில் உட்கார்ந்திருக்கும் புழுவின் சான்றிதழில் ‘நெல்’ என்று எழுதியிருந்தால், கிழக்கே சம்பா போட்டவருக்கு வயிற்றைக் கலக்காமல் என்ன செய்யும்?

ஆனால் டிபிஐ மரபணு வேறு கதை சொன்னது. அதே புழுக்களில் அது ஏறத்தாழ முழுக்க மக்காச்சோள வகை. 2019-இல் அமெரிக்க வேளாண் துறையின் ஃபுளோரிடா ஆய்வகத்தைச் சேர்ந்த ராட் நகோஷி, இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து தென் ஆப்பிரிக்கப் புழுவையும் இந்தியப் புழுவையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை இந்த முரண்பாட்டைத் தெளிவாக வைத்தது. பொருள் இதுதான்: எப்போதோ ஒரு தலைமுறையில் நெல் வகைப் பெண் பூச்சிகள் மக்காச்சோள வகை ஆண் பூச்சிகளோடு சேர்ந்திருக்கின்றன. அந்தக் கலப்பு வம்சம்தான் கடல் தாண்டி வந்திருக்கிறது. தாய்வழியில் நெல் முத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, நடத்தை மக்காச்சோள வகையினுடையது. ஏழெட்டு ஆண்டு அனுபவமும் அதையே காட்டுகிறது. மக்காச்சோளத்தில் செய்த அழிச்சாட்டியத்தில் சிறு பங்கைக்கூட அது தமிழ்நாட்டு நெல்லில் செய்யவில்லை. சோளத்திலும் கம்பிலும் கேழ்வரகிலும் தென்பட்டது, கரும்பிலும் பதிவானது. என்றாலும் அவை அதற்குப் பந்தியில் பக்கத்து இலைதான்.

அதற்காக நெல் பக்கம் திரும்பவே மாட்டாது என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. பிலிப்பைன்ஸின் ககயான் பகுதியில் 2021-இல் நெல் நாற்றங்கால்களைப் படைப்புழு மேய்ந்தது. ஒரு பூச்சிக்கு ஒட்டும் பெயர்ச்சீட்டை முழுதாக நம்புவதும் தவறு, முழுதாகத் தள்ளுவதும் தவறு என்பதற்கு இது ஒன்றே போதும்.

நெல்லில் இந்தப் பாடம் ஏற்கெனவே படித்ததுதான். சிதம்பரம் பக்கத்து விவசாயிகளுக்குப் புகையானைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தூரடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, வயலில் வட்டம் வட்டமாகக் கருக விட்டுவிடும். 1973-இல் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐஆர் 26 என்ற ரகத்தை வெளியிட்டது. புகையானைத் தாங்கும் ஒரு மரபணு அதில் இருந்தது. இரண்டு மூன்று ஆண்டுகள் பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் அது வயலைக் காத்தது. பிறகு அதையும் சாப்பிடத் தெரிந்த புகையான் பெருகி, ரகம் தோற்றது. இந்தியாவிலோ அந்த ஒற்றை மரபணு தொடக்கத்திலிருந்தே வேலை செய்யவில்லை. இங்குள்ள புகையான் கூட்டம் வேறு. அங்கே எதிர்ப்புள்ள ரகம் இங்கே இரை. இந்தியப் புகையானையும் தாங்கி நின்றவை கேரளத்துப் பட்டாம்பியில் தேர்ந்தெடுத்த பிடிபி 33, இலங்கையின் ரத்து ஹீனட்டி போன்ற பழைய ரகங்கள். அவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்திருந்தன. ஒரே பெயர் கொண்ட பூச்சி நாட்டுக்கு நாடு வேறு பூச்சியாக நடந்துகொள்ளும் என்பதை நெல் வல்லுநர்கள் அன்றே பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

படைப்புழு எங்கிருந்து கிளம்பியது என்பதையும் மரபணுவே காட்டிக்கொடுத்தது. அமெரிக்காவில் அதற்கு உறைபனியைத் தாங்கத் தெரியாது. குளிர்காலத்தில் ஃபுளோரிடாவிலும் டெக்சாஸிலும் பதுங்கி, வசந்தத்தில் காற்றோடு வடக்கே கனடா வரை போகும். இந்த இரண்டு புகலிடங்களின் பூச்சிகளிலும் மைட்டோகாண்ட்ரிய மரபணுவின் சிறு வேறுபாடுகள் வேறு வேறு விகிதத்தில் இருக்கும். ஆப்பிரிக்க, இந்தியப் பூச்சிகளின் விகிதம் ஃபுளோரிடாவையும் கரீபியத் தீவுகளையும் ஒத்திருந்தது. டெக்சாஸோடு பொருந்தவில்லை. ஆப்பிரிக்கப் பூச்சியும் இந்தியப் பூச்சியும் தங்களுக்குள் மிகவும் ஒத்திருந்ததால், ஆப்பிரிக்கா வழியாகக் கிழக்கே வந்தது என்ற கதை உறுதியானது போலத் தோன்றியது.

அது அவ்வளவு எளிதல்ல. 2022-இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர் டபிள்யூ. டி. டே குழுவினர் ஓரிரு மரபணுவோடு நிற்காமல் முழு மரபணுத் தொகுப்பையும் படித்தார்கள். ஆப்பிரிக்காவில் ஒரே முறை இறங்கி அங்கிருந்து மேற்கிலிருந்து கிழக்காக அலை போலப் பரவியது என்பது தரவுகளோடு ஒட்டவில்லை என்றும், வெவ்வேறு கூட்டங்கள் வெவ்வேறு தடவை பழைய உலகத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். ஆசியாவுக்குள் அது முதலில் கண்ணில் பட்ட நாளுக்கு முன்பே வந்திருக்கலாம் என்பதும் அவர்களின் வாதம். விவாதம் இன்னும் ஓயவில்லை. வணிகக் கப்பலும் விமானச் சரக்கும் இருக்கும்போது பூச்சி தன் சிறகை மட்டுமே நம்பியது என்று நினைப்பதுதான் சற்று வெகுளித்தனம். சரக்கு எதிர்த்திசையிலும் போகிறது. நம் பருத்தியிலும் துவரையிலும் காலம்காலமாகக் காய் துளைத்த ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா 2013-இல் பிரேசிலில் பதிவானது. அங்குள்ள உறவுக்காரப் பூச்சியோடு கலந்து கலப்புப் பிள்ளைகளைப் பெற்றிருப்பதை 2018-இல் மரபணுவில் கண்டார்கள்.

இந்த வம்சாவளி ஆராய்ச்சியெல்லாம் மருந்துக்கடை வாசலில் நிற்பவருக்கு எதற்கு என்று கேட்கலாம். கலம் நெல்லிலிருந்து கைப்பிடி அள்ளி வேறு ஊரில் விதைத்தால், அந்தக் கைப்பிடியில் இருந்த ரகங்கள்தான் அந்த ஊரில் இருக்கும். அப்படித்தான் புது நாட்டில் இறங்கும் பூச்சியும். வந்திறங்கிய சிலவற்றின் மரபணுக்கள்தான் முதலீடு. அதனால் இந்தியப் படைப்புழுவின் பன்மை அமெரிக்காவில் உள்ளதைவிடக் குறைவு. கேட்க நல்ல செய்திதான், அந்தக் கைப்பிடிக்குள் என்ன இருந்தது என்று பார்க்கும் வரை.

அதற்குள் பழைய போர்த் தழும்புகள் இருந்தன. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் பூச்சியின் நரம்பில் வேலை செய்யும் ஒரு நொதியைக் கட்டிப்போட்டுக் கொல்பவை. அந்த நொதியின் வடிவத்தை லேசாக மாற்றி மருந்து ஒட்டவிடாமல் செய்யும் மரபணு மாற்றங்கள் ஆசியாவுக்கு வந்த படைப்புழுக்களில் தாராளமாகக் கிடைத்தன. அமெரிக்கப் பண்ணைகளில் பல தலைமுறை மருந்துக்குத் தப்பிப் பிழைத்ததன் சொத்து அது. நம் நிலத்தில் ஒரு சொட்டு மருந்து படும் முன்பே அது எதிர்ப்போடு வந்திறங்கியது. 2018-இல் கையில் கிடைத்த பழைய மருந்தையெல்லாம் அடித்தும் ‘புழு அசரவே இல்ல’ என்று பலர் புலம்பியதை, அடித்தவரின் கைப்பிழை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. புழு குருத்துக்குள் பதுங்கியிருப்பதும், முற்றிய பிறகு மருந்தடிப்பதும் காரணங்களே. பூர்வீகமும் ஒரு காரணம்.

புழுவைக் கொல்லும் நச்சைத் தானே உருவாக்கும்படி மரபணு மாற்றிய பிடி மக்காச்சோளம் வந்திருந்தால் பிரச்சினை இல்லை என்று சொல்கிறவர்களுக்குப் புவேர்ட்டோ ரிக்கோவைக் காட்டலாம். அந்தச் சிறு தீவில் ஆண்டு முழுக்க மக்காச்சோளம் விளையும். அங்கே க்ரை1எஃப் என்ற நச்சுப் புரதம் கொண்ட பிடி மக்காச்சோளத்தை 2006-லேயே படைப்புழு சாப்பிடத் தொடங்கிவிட்டது. புழுவின் குடலில் அந்த நச்சு ஒட்டிக்கொள்ளும் ஏபிசிசி2 என்ற புரதம் பழுதானதுதான் ரகசியம். விதை நிறுவனமே தீவில் விற்பனையை நிறுத்தவேண்டி வந்தது.

இதே பாடத்தின் இந்தியப் பதிப்பு திட்டக்குடிப் பருத்திக்காரர்களுக்கு அத்துபடி. காய்க்குள் இருந்து கொட்டையைத் தின்னும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு, பிடி பருத்தியின் முதல் நச்சைத் தாங்கிவிட்டதாக 2010-இல் குஜராத்திலிருந்து செய்தி வந்தது. இரட்டை நச்சு கொண்ட இரண்டாம் தலைமுறை விதையும் சில ஆண்டுகளில் அதற்குப் பழகிப்போனது. இந்திய வயல்களில் எடுத்த புழுக்களைப் படித்தபோது, எதிர்ப்புக்குக் காரணமான கேட்ஹெரின் மரபணு ஒரே விதமாக அல்ல, பலவிதமாகக் கெட்டுப்போயிருந்தது. அதாவது எதிர்ப்பு ஒரே இடத்தில் பிறந்து பரவவில்லை, பல இடங்களில் தனித்தனியாக முளைத்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் பிடி அல்லாத பருத்தியையும் சேர்த்துப் பயிரிட்டு, நச்சுக்கு மசியும் பூச்சிகளை உயிரோடு வைத்திருந்தார்கள். பின்னர் மலட்டுப் பூச்சிகளைப் பறக்கவிட்டார்கள். 2018 அக்டோபரில் அந்நாட்டுப் பருத்தியிலிருந்து அந்தப் புழு ஒழிந்ததாக அமெரிக்க அரசு அறிவித்தது. நம்மூரில் பிடி விதைப் பையோடு சின்னப் பொட்டலத்தில் வந்த ‘அடைக்கல’ விதையை ஓரத்தில் விதைத்தவர்கள் அபூர்வம். ஒரு வரிசையைப் பூச்சிக்கென்று விடச் சொன்னால் எந்த விவசாயிக்குத்தான் மனசு வரும்? ஏன் என்று விளக்கிச் சொல்லவும் ஆளில்லை.

இப்போது படைப்புழுவுக்குக் கடையில் ஓடும் மருந்துகள் வேறு. இமாமெக்டின் பென்சோயேட், ஸ்பைனட்டோரம், ‘கோரஜன்’ என்று கேட்டு வாங்கும் குளோரான்ட்ரனிலிப்ரோல். “அண்ணே, குருத்துல புழு விழுந்துடுச்சு, போன தடவை குடுத்ததையே குடுங்க” என்பதுதான் கடையில் நடக்கும் உரையாடல். அந்த ‘போன தடவை’தான் சிக்கல். படைப்புழுவுக்கு முட்டையிலிருந்து பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம். நூறு நாள் பயிரில் மூன்று தலைமுறை வந்துபோகும். மூன்றுக்கும் ஒரே மருந்து என்றால், ஒவ்வொரு தெளிப்பும் தாங்கிப் பிழைத்தவற்றை மட்டும் வடிகட்டி அடுத்த தலைமுறைக்குத் தாய் தகப்பனாக அனுப்புகிறது. குளோரான்ட்ரனிலிப்ரோல் வகை மருந்தைத் தாங்கும் மரபணு மாற்றம் பிரேசில் படைப்புழுவில் 2020-லேயே கண்டறியப்பட்டிருக்கிறது. இங்கே அது முளைக்கலாம், அல்லது இன்னொரு சரக்கோடு வந்து இறங்கலாம்.

தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இதைக் கருத்தில் கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. கடைசி உழவில் ஏக்கருக்கு நூறு கிலோ வேப்பம் புண்ணாக்கு, விதை நேர்த்தி, வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி என ஓரப்பயிர், இனக்கவர்ச்சிப் பொறி, இளம் பயிரில் வேம்பு மருந்து, பிறகு பருவத்துக்குப் பருவம் மாற்றி மாற்றி வேறு வேறு ரசாயனம், இடையே மெட்டாரைசியம் பூஞ்சணம். ஓரப்பயிரில் தங்கும் குளவிகளுக்கும் பூஞ்சணத்துக்கும் புழு நெல் வகையா மக்காச்சோள வகையா, எந்த மருந்தைத் தாங்கியது என்ற பேதமெல்லாம் கிடையாது. ஈரப்பதம் மிகுந்த ஐப்பசி, கார்த்திகையில் இலையோடு ஒட்டி விறைத்து, மேலே வெள்ளையும் வெளிர்பச்சையுமாகத் தூள் படிந்து செத்துக் கிடக்கும் புழுக்களைக் காட்டில் பார்க்கலாம். இயற்கையாகவே பரவும் பூஞ்சண நோய் அது. அந்த நேரத்தில் மருந்து அடிக்காமல் ஒரு வாரம் பொறுப்பது லாபம்.

குறை எங்கே என்றால் கண்காணிப்பில்தான். படைப்புழுவின் மரபணு ஆய்வுகளுக்கான மாதிரிகள் நாடு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே எடுக்கப்பட்டன. கோவையிலும் பெங்களூரிலும் ஆய்வகம் இருக்கிறது, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் புலம் இருக்கிறது, விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் மங்களூர் ஒன்றியத்து மக்காச்சோளத்திலிருந்து நூறு புழு, சேத்தியாத்தோப்பு நாற்றங்காலில் ஏதும் கிடைத்தால் அதிலிருந்து பத்து, குப்பியில் எத்தனாலோடு வந்து சேர்ந்தால், எந்த மருந்தைத் தாங்கும் மரபணு எவ்வளவு பெருகியிருக்கிறது என்பதை அடுத்த விதைப்புக்குள் கடைக்காரருக்கும் விவசாயிக்கும் சொல்லிவிட முடியும். புழு பொறுக்குவதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. குருத்தைப் பிரித்து, நெற்றிக் கோட்டைப் பார்த்து, குப்பிக்கு ஒன்றாகப் போடத் தெரிந்தால் போதும்.